ஏழு குடைகள் வரவில்லை

ஜூன் 16

முன்னாள் தலைவருக்கு,

உறைமேல் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

உன்னோடு பேசுவதில்லை என்றுதான் இருபத்தேழு வருடத்துக்கு முன் சொன்னேன். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. ஆகவே நான் வாக்குத் தவறிவிட்டதாக உன் தங்கையிடம் போனில் சொல்லிக் கொண்டாட வேண்டாம். அவள் ஏற்கெனவே இந்த வீட்டில் உன் கட்சிதான்.

காரியம் இது. எங்கள் கல்லூரியில் மாணவர் வணிகத் தலைமை மன்றத்துக்கு ஒரு கிளை வேண்டும் என்று ஆறு பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள். முதல்வர் என்னை ஆலோசகராகப் போட்டுவிட்டார். மதிப்பு வைத்து அல்ல. துறைத் தலைவர் நாற்காலியை என்னிடமே படித்த ஒருவனுக்குக் கொடுத்த பிறகு, எனக்கும் எதையோ கொடுத்ததாகக் காட்ட வேண்டாமா? மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார். நிமிர்ந்தால் தலை இடிக்கிறது. இருபத்து மூன்று வருடம் பாடம் நடத்தியவனுக்குக் குனிந்து உட்காரும் அறை. அதற்கும் நிபந்தனை உண்டு. அக்டோபரில் மண்டல மாநாட்டுப் போட்டியில் முதல் மூன்று இடங்களில் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் அறை தேர்வுத்தாள் கட்டுகளுக்குப் போய்விடும். அறை போனால் கிளையும் போனது.

மன்றத்தின் விதி உனக்கு நினைவிருக்கும். புதுக் கிளைக்கு ஒரு முன்னாள் பொறுப்பாளர் பிணை நிற்க வேண்டும். நானும் நம் பழைய கிளையின் முன்னாள் செயலாளர்தான். ஆனால் ஆலோசகர் தன் கிளைக்குத் தானே பிணை நிற்கக் கூடாது. நம் துணைத் தலைவன் கடல் தாண்டிப் போய்விட்டான். பொருளாளன் உலகத்தையே தாண்டிவிட்டான். தேடித் தேடிப் பார்த்ததில் மிஞ்சியது நீ. என் ராசி அப்படி.

இத்துடன் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதற்குமேல் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

முன்னாள் செயலாளர்

ஜூன் 22

மாப்பிள்ளை,

ஒரு வரியும் எழுதக் கூடாது என்றாய். அதனால் இரண்டு பக்கம் எழுதுகிறேன்.

கடிதம் வந்தபோது பெட்டிக் கம்பெனியில் பசை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நான் சிரித்த சிரிப்பில் என் மேஸ்திரி ஓடி வந்தார்.

"என்ன முதலாளி, பெரிய ஆர்டரா?"

"இல்லப்பா. என் தங்கச்சி வீட்டுக்காரர் லெட்டர் போட்டிருக்கார்."

"அவரா? அவர்தான் பேசவே மாட்டாரே."

"பேசல. எழுதியிருக்கார்."

"அப்போ அடுத்த தடவை தந்தி அடிப்பாரு. கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வர்றாரு முதலாளி, விட்டுடாதீங்க."

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் பிணை நிற்பவன் ஒரு நிபந்தனை போடலாம், அதுவும் விதிதான். என் நிபந்தனை இது: ஆலோசகர் கடைசி வரிசையில் அமர்வார்; கேட்டாலொழியப் பேசார். இதுவும் நான் கண்டுபிடித்தது இல்லை. விதிப்புத்தகத்தைப் படியெடுத்தபோது உன் கையால், உன் முத்து முத்தான எழுத்தில், நீயே எழுதியது. அதை மீறினால் என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று. உன் கடிதத்தில் உன் தலை இடிப்பதைப் பற்றிச் சொல்ல இடம் இருந்தது. துறைத் தலைவனைத் திட்ட இடம் இருந்தது. அந்த ஆறு பிள்ளைகள் யார், அவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. பிணை நிற்பவனுக்குத் தெரிய வேண்டாமா? எழுது.

மச்சான்

ஜூலை 5

மச்சான்,

உன் நிபந்தனையைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். உன் தங்கை சாட்சி. "எங்கண்ணன் சொன்னதுல என்ன தப்பு? வாயை மூடிக்கிட்டு இருக்கறது உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது" என்றாள்.

முதல் கூட்டம் முடிந்தது. கடைசி வரிசை என்று அந்த அறையில் எதுவும் இல்லை. படிக்கட்டின் சரிவு தரையைத் தொடும் மூலையில், விளக்குமாறுக்குப் பக்கத்தில், ஒரு முக்காலி. அதுதான் என் ஆசனம்.

தலைவன் இரண்டாம் ஆண்டுப் பையன். பிள்ளைகள் அவனை ரேடியோ என்கிறார்கள். நிறுத்தப் பொத்தான் இல்லாத ரேடியோ. நீ அந்த வயதில் எப்படி இருந்தாயோ அப்படியே. எனக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. செயலாளர் ஒரு பெண். லேத் பட்டறைக்காரர் மகள். பேசுவதே அபூர்வம், பேசினால் முற்றுப்புள்ளி வைத்துத்தான் நிறுத்துவாள். பொருளாளர் இன்னொரு பெண். அவளிடம் சாக்பீஸ் ஒன்று கேட்டேன். "எதுக்கு சார்?" என்றாள். மற்ற மூவர் உறுப்பினர்கள்.

அன்று ரேடியோ அமைப்பை விளக்கினான். நானே மறந்திருந்த விஷயங்கள். உறுப்பினர், கிளை, மண்டலம், தலைமை மன்றம் என்று ஏணி. ஆனால் மேலே இருப்பவர் கீழே உத்தரவு போட முடியாது, கேள்விதான் கேட்கலாம். தலைவர் கூட்டத்தை நடத்துவார், ஆனால் வாக்கு சமமாகப் பிரிந்தால்தான் அவருக்கு வாக்கு. பொருளாளர் தலைவரிடமே 'இல்லை' சொல்லலாம். செயலாளருக்கு ஓர் உரிமை, வேறு யாருக்கும் இல்லாத உரிமை: தலைவர் சொன்ன விவரம் பிழையானால், எந்தச் சபையிலும் எழுந்து 'ஒழுங்குப் பிரச்சினை' என்று சொல்லலாம். தலைவர் பேச்சை நிறுத்தித் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். எந்தச் சபையிலும், மச்சான். அடிக்கோடு என்னுடையது.

கடைசியில் எல்லோரும் எழுந்து உறுதிமொழி சொன்னார்கள். "சேவை முதலில், லாபம் அடுத்து, கணக்கு எப்போதும்." தலை இடித்தது, இருந்தாலும் நானும் எழுந்து நின்றேன். உதடு மட்டும் அசைந்தது. அது பேசியதில் சேராது.

அவர்கள் திட்டம் குடை. பஸ் டிப்போவில் பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகள் கேட்பாரற்று மலைபோல் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கி, பழுது பார்த்து, மழை நாளில் பஸ் நிறுத்தத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் கொடுப்பது. ரேடியோ வாடகை என்றான். செயலாளர் எழுந்து, "நனையறவங்ககிட்ட பேரம் பேசக் கூடாது. குடை சும்மா. குடைத்துணியில கடைக்காரங்க பேரை எழுதுவோம். அவங்ககிட்ட வாங்குவோம்" என்றாள். மூன்றுக்கு இரண்டு. நிறைவேறியது.

இந்த ஊரில் இரவல் கொடுத்த பேனாவே திரும்பி வராது. ஒன்பது வருடத்துக்கு முன் ஆசிரியர் அறையில் வைத்த என் குடை இன்னும் வந்தபாடில்லை. யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். இப்போது துறைத் தலைவராக இருக்கிறான். இதையெல்லாம் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. உன்னால்.

முன்னாள் செயலாளர்

ஜூலை 13

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் மேஸ்திரிக்காக, சத்தமாக. அவர் கேட்ட கேள்வி: "குடை சும்மா குடுத்தா, திரும்பிக் குடுக்கணும்னு அவனுக்கு எப்படி உறைக்கும்?"

நல்ல கேள்வி. பிள்ளைகளிடம் கேள். இல்லை, நீ கேட்கக் கூடாது. முக்காலியில் உட்கார்ந்து கவலையோடு பார். அவர்களே கேட்பார்கள்.

குடைகளை அடுக்கி வைக்க உயரமான அட்டைப்பெட்டிகள் அனுப்புகிறேன். பெட்டியில் என் கம்பெனி பெயர் இருக்கும். அது விளம்பரம், செயலாளரின் தீர்மானப்படிதான். அதை வைத்து என்னை ஒரு கடிதத்தில் திட்டுவாய் என்று எதிர்பார்க்கிறேன்.

மச்சான்

ஆகஸ்ட் 11

மச்சான்,

பெட்டிகள் வந்தன. உன் பெயரை அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்க வேண்டாம். அறைக்குள் நுழைந்தால் நான்கு பக்கமும் நீயே நிற்கிறாய்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்கு அல்ல. நேற்று மழை பெய்தது.

முதலில் இருந்து சொல்கிறேன். டிப்போவிலிருந்து குடைகள் லாரியில் வந்து இறங்கின. பாதிக்குக் கம்பி ஒடிந்திருந்தது, மீதிக்குத் துணி கிழிந்திருந்தது. மூன்று குடையைப் பிரித்து இரண்டு குடை செய்தார்கள். செயலாளர் தன் அப்பா பட்டறையில் கம்பிகளை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். உறுப்பினர்கள் துணி தைத்தார்கள். கடைக்காரர்களிடம் ரேடியோ போனான். அவன் பேச்சைக் கேட்ட மருந்துக்கடைக்காரர், "தம்பி, போதும், எழுதிக்க, எம்பேரை எழுதிக்க, கடைக்கு ஆள் வந்து நிக்கறாங்க" என்று ஒப்புக்கொண்டாராம். முடிவில் தொண்ணூறு குடைகள். ஒவ்வொன்றின் பிடியிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு பட்டை.

உன் மேஸ்திரியின் கேள்வியை அவர்களே கேட்டுக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. பொருளாளர் சொன்ன வழி: குடை வாங்குகிறவர் பெயர் எழுத வேண்டாம், அடுத்து எங்கே விட்டுவிட்டுப் போவார் என்று அவரே வாயால் சொன்னால் போதும். "எழுதி வாங்கினா போலீஸ் மாதிரி இருக்கும் சார். வாயால சொன்னா வாக்கு மாதிரி இருக்கும்." வாக்கு. எனக்கே சொல்வதுபோல் இருந்தது.

நேற்று நான்காம் வகுப்பு நேரத்தில் வானம் கறுத்தது. நான் கடன்பத்திரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் யாரும் பார்க்கக் கூடாது என்று சொன்ன நானே போய்ப் பார்த்தேன். கொட்டியது, மச்சான். பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார்கள். ரேடியோ தொப்பலாக நனைந்துகொண்டு குடை கொடுக்கிறான், தான் ஒன்றை எடுத்துப் பிடிக்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணுக்கு, மாவு மில்லுக்குப் போகிறவருக்கு, போஸ்ட்மேனுக்கு. தெரு முழுக்க மருந்துக்கடையும் சைக்கிள் கடையும் ஜவுளிக்கடையும் நடந்து போகின்றன.

முதல்வர் காரிலிருந்து இறங்கி ஒரு குடையை எடுத்தார். பொருளாளர் விடவில்லை.

"சார், எங்க திருப்பிக் குடுப்பீங்க?"

"நான் பிரின்சிபால்மா."

"அது தெரியும் சார். எங்க குடுப்பீங்க?"

"...ஆபீஸ் வாசல்ல."

"சரி சார். பார்த்துப் போங்க, வழுக்கும்."

இப்படி ஒரு காட்சியைப் பார்க்க இருபத்து மூன்று வருட சர்வீஸ் தேவைப்பட்டது. வகுப்பை விட்டு எப்போது இறங்கி வந்தேன் என்று தெரியவில்லை. நானும் நனைந்திருந்தேன். தும்முகிறேன். உன் தங்கை கஷாயம் என்ற பெயரில் பழி தீர்க்கிறாள்.

திரும்பி வருமா என்று கேட்காதே. வராது. இருந்தாலும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முன்னாள் செயலாளர்

ஆகஸ்ட் 19

மாப்பிள்ளை,

கடிதத்தின் கடைசியில் நீ தும்மியது இங்கே கேட்டது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மண்டல மாநாட்டுக்கு என்னை நடுவராக இருக்கக் கேட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டேன், உன் பிள்ளைகள் அங்கே வருவார்கள் என்பது தெரிந்தேதான். மறைத்தேன் என்று நீ பிறகு சொல்லக் கூடாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

மாநாடு என்றதும் எனக்கு அந்த மேடைதான் கண்ணில் வருகிறது. இருபத்தெட்டு வருடம் ஆயிற்று. நம் கிளை சேர்த்த பழைய பாடப்புத்தகங்கள் எல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று நான் பேசுகிறேன். சபை கை தட்டுகிறது. கோப்பை நமக்குத்தான் என்று நடுவர்கள் முகத்திலேயே தெரிகிறது. அப்போது என் சொந்தச் செயலாளர், என் உயிர்ச் சிநேகிதன், எழுந்து நிற்கிறான். "ஒழுங்குப் பிரச்சினை. பாதிப் புத்தகம் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது." சொன்னதோடு விட்டாயா? சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினாய். வெளிச்சத்தில் மின்னியது. இன்றைக்கும் யாராவது என் எதிரில் சாவியை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நான் உன்னிடம் கேட்டது ஒன்றுதான். காலையில் என் பேச்சை நீதானே படித்துப் பார்த்தாய்? அப்போதே ஏன் காதில் சொல்லவில்லை?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. குடைகளைப் பற்றி மட்டும் எழுது. மேஸ்திரி தினமும் கேட்கிறார்.

மச்சான்

செப்டம்பர் 27

மச்சான்,

ஐந்து வாரமாக உனக்குப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இதையாவது கிழிக்காமல் அனுப்பப் பார்க்கிறேன்.

காலையில் நீ காட்டிய தாளில் 'எல்லாம்' என்ற சொல் இல்லை. 'புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன' என்றுதான் இருந்தது. மேடையில் கைதட்டல் கேட்டதும் நீயாகச் சேர்த்தது. இதை அன்றே சொல்லியிருப்பேன். நீ கேட்கும் நிலையில் இல்லை. பிறகு நான் சொல்லும் நிலையில் இல்லை. 'கணக்கு எப்போதும்' என்று காலையில் கை நீட்டிச் சொல்லிவிட்டு, மாலையில் கோப்பைக்காக விட்டுவிடலாமா? நான் செய்தது விதி. நாளைக்கு நடந்தாலும் எழுவேன். அவ்வளவுதான், இதை மூடிவிடு.

இப்போது குடை. உட்கார்ந்துகொள்.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தது. இன்று எண்ணினார்கள். தொண்ணூறு குடைகள் போயின. அறையில் இருப்பவை நூற்று நான்கு.

மறுபடி படி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. பொருளாளர் திரும்பத் திரும்ப எண்ணினாள். மஞ்சள் பட்டை உள்ளவை எண்பத்து மூன்று. மற்ற இருபத்தொன்றும் பஸ் நிறுத்தத்திலும் ஆஸ்பத்திரியிலும் கல்லூரியிலும் வைத்த பெட்டிகளில் மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனவை. "வீட்ல கிடந்தது, அப்பாவோடது, கம்பிதான் போயிருக்கு, யாருக்காவது ஆகும்" என்று ஆளுக்கொன்று சொன்னார்களாம். ஆஸ்பத்திரி காவலாளி கை நிறையக் குடைகளை அணைத்துக்கொண்டு வந்து, "இதையும் சேர்த்துக்கங்க, எவ்வளவு நாளா மூலைல கிடக்குது" என்றாராம். பூட்டு இல்லை, பெயர் எழுதவில்லை, தண்டனை இல்லை. நான் பாடத்தில் நடத்தும் எந்தச் சூத்திரத்திலும் இது வராது. வகுப்பில் சொல்லப் போய்க் கத்தியே விட்டேன். பிள்ளைகள் பயந்துபோய் மேஜையைத் தட்டினார்கள்.

இன்னும் இருக்கிறது. அந்த இருபத்தொன்றில் ஒன்று என் குடை. ஒன்பது வருடத்துக்கு முன் காணாமல் போன அதே குடை. பிடியில் மெழுகுவத்தி பட்டுக் கருகிய தழும்பு அப்படியே இருக்கிறது. ஆசிரியர் அறைப் பெட்டியில் கிடந்ததாம். துறைத் தலைவனிடம் போய், "இதை எடுத்தது நீதானே?" என்று கேட்டேன். "சார், எனக்கு இந்த வேலை கிடைச்சே ஏழு வருஷம்தான் ஆகுது" என்றான். கணக்குச் சரிதான். ஆக, ஒரு நல்ல பகை கையில் இருக்கிறது, வைக்க ஆள் இல்லை. யாரையாவது தேட வேண்டும்.

குடையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் பட்டை அடிக்கச் சொன்னேன். கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன், செயலாளர் "சார், இது உங்களுதா?" என்று கேட்டாள்.

மாநாட்டில் நேர்மையாக நடுவராக இரு. உறவு பார்த்து மதிப்பெண் போடாதே, பகை பார்த்துக் குறைக்கவும் செய்யாதே. இரண்டும் எனக்கு அவமானம்.

முன்னாள் செயலாளர்

அக்டோபர் 18

மச்சான்,

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகள் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்; மனசில் கோபம் பாதி, மீதி என்னவென்று தெரியவில்லை.

முதலில் கோபம். நடுவர் மேஜையில் உன் பெயர் எழுதிய அட்டை இருந்தது. நாற்காலி காலி. ஏதோ புது ஆள் ஒருவரை உட்கார வைத்தார்கள். ஒப்புக்கொண்டேன் என்று எழுதிவிட்டு வராமல் இருந்துவிட்டாய். என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றா? இருபத்தேழு வருடத்துக்குப் பிறகும் உன் வழக்கம் மாறவில்லை.

இருக்கட்டும். நடந்ததை நீ பார்க்கவில்லை, ஆகவே சொல்கிறேன்.

படம் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்தார்கள். ரேடியோ பேச ஆரம்பித்தான். நன்றாகப் பேசினான். பஸ் டிப்போ, லேத், மஞ்சள் பட்டை, முதல்வர் கதை. கூட்டம் சிரித்தது, பிறகு கேட்டது, பிறகு மூச்சு விடாமல் கேட்டது. நூற்று நான்கு என்ற எண் திரையில் வந்ததும் மண்டபமே எழுந்து கை தட்டியது. அந்தக் கைதட்டல் அவன் தலைக்கு ஏறுவதை நான் பார்த்தேன். எனக்குத் தெரியும், மச்சான், அந்த முகத்தை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும்.

"நாங்க குடுத்த குடையில ஒண்ணுகூட தொலையல. எல்லாம் திரும்பி வந்துடுச்சு."

எல்லாம். மறுபடி அதே சொல்.

நான் ஆலோசகர். பேசக் கூடாது. பேசினால் உன் கையெழுத்து போகும், கிளை போகும். இதெல்லாம் நினைவுக்கு வருவதற்குள் கால் நிமிர்ந்துவிட்டது. பாதி எழுந்துவிட்டேன். அந்த இருட்டில் பின்னால் இருந்த எவனோ என் சட்டையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான் பார், பொத்தென்று நாற்காலியில் விழுந்தேன். யாரென்று திரும்புவதற்குள் முன்வரிசையில் ஒரு குரல்.

"ஒழுங்குப் பிரச்சினை, தலைவரே."

செயலாளர். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தியம். அவள் எழுந்து நின்றாள். கையில் சாவி கீவி எதுவும் இல்லை.

"குடுத்த குடையில ஏழு வரல. எண்ணிக்கை கூடினது மத்தவங்க குடுத்த குடையால."

ரேடியோவின் முகத்தையே பார்த்தேன். அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். காது சிவந்தது. பிறகு மைக்கில் சொன்னான்:

"செயலாளர் சொல்றது சரி. நான் சொன்னது தப்பு. ஏழு வரல." ஒரு மூச்சு விட்டு, "அந்த ஏழு பேருக்கு இன்னும் மழை விடலன்னு நினைச்சுக்கறோம்" என்றான்.

மண்டபம் வெடித்தது. முதல் கைதட்டல் இதற்குப் பக்கத்தில் நிற்காது. அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் மேலே பேசினான். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் இப்போது ஒரே கிளாஸ் டீயைப் பகிர்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் இடம். முதல் இடம் சோப்பு விற்றவர்களுக்கு. சோப்பு! நடுவர்களுக்குப் பார்வைக் கோளாறு. ஆனாலும் அறை எங்களுடையது, கிளை எங்களுடையது.

பஸ் வந்துவிட்டது. நீ வந்திருக்க வேண்டும்.

முன்னாள் செயலாளர்

அக்டோபர் 23

மாப்பிள்ளை,

உன் சட்டைத் துணி கொஞ்சம் மட்டம். இழுத்ததில் ஒரு பொத்தான் என் கையோடு வந்துவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தங்கையிடம் கொடுத்துத் தைத்துக்கொள்.

அன்று காலையிலேயே வந்துவிட்டேன். போட்டியிடும் கிளைக்குப் பிணை நின்றவன், அதன் ஆலோசகரின் மச்சான் வேறு. மாநாட்டுத் தலைவரிடம் அதைச் சொல்லி நடுவர் நாற்காலியை விட்டு எழுந்தேன். உறவும் வேண்டாம், பகையும் வேண்டாம் என்று நீதானே எழுதினாய்? பெயர் அட்டையை எடுக்க அவர்கள் மறந்துவிட்டார்கள். நீ உள்ளே வருவதைப் பார்த்தேன். பக்கத்தில் வந்து உட்காரத் தைரியம் இல்லை. விளக்கு அணைந்ததும் பின்வரிசைக்கு வந்தேன். அந்தப் பையன் 'எல்லாம்' என்றபோது நீ எழுவாய் என்பது, உனக்குத் தெரியும் முன் எனக்குத் தெரியும். விளக்கு எரிவதற்குள் ஓடிவிட்டேன்.

இரவு முழுக்க ரயிலில் ஒரே வரிதான் காதில். "செயலாளர் சொல்றது சரி." பத்தொன்பது வயதுப் பையன். ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். சொன்னதும் வானம் இடிந்து விழவில்லை. கைதான் தட்டினார்கள்.

நம் மேடையில் நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். உன் பிரச்சினைக்குத் தீர்ப்பே சொல்லவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டேன். தலைவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அந்தப் பதவியிலிருந்து நான் ராஜினாமா செய்யவில்லை, கூட்டத்தை முறையாக முடிக்கவும் இல்லை. ஆக, விதிப்படி அந்தக் கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மேஸ்திரியைக் கேட்டேன். "அது எனக்குத் தெரியாது முதலாளி, ஆனா சீக்கிரம் முடிச்சுடுங்க, எல்லாருக்கும் வயசாகுது" என்றார்.

முடிக்கிறேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்:

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் செயலாளர் எழுப்பிய ஒழுங்குப் பிரச்சினை ஏற்கப்படுகிறது. செயலாளர் சொன்னது சரி. பாதிப் புத்தகம் ஸ்டோர் ரூமில்தான் இருந்தது.

சாவியைத் தூக்கிக் காட்டியது தேவையில்லை என்பது தலைவரின் தனிப்பட்ட கருத்து. அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்.

மச்சான்

அக்டோபர் 29

மச்சான்,

பொத்தான் வந்தது. உன் தங்கை அதைத் தைத்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. இதற்கும் என்னைத்தான் திட்டப்போகிறாள்.

தீர்ப்பு குறிப்பேட்டில் ஏறிவிட்டது. உன் தனிப்பட்ட கருத்தையும் சேர்த்துவிட்டேன். தலைவர் சபையில் சொன்ன எதையும் செயலாளர் விடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அது என் கையெழுத்தில்தான் இருக்கிறது, போய்ப் பார்.

வரும் மாதம் முதல் ஞாயிறு கிளையின் முறையான தொடக்கம். பிணை நின்றவர் நேரில் வந்து தலைவர் கையில் மரச்சுத்தியலைக் கொடுக்க வேண்டும். அதுவும் விதி. ரேடியோ உன்னைப் பார்க்கத் துடிக்கிறான். எச்சரிக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து பேச ஆரம்பித்தால் நான் வெளியே போய்விடுவேன். மேஸ்திரியையும் கூட்டி வா. அறையில் குனிந்து நட. பொருளாளர் உன்னிடம் குடை ஒன்றைக் கேட்பாள், வெறுங்கையோடு வராதே.

இன்னொன்று. உன் தீர்ப்பில் ஓர் எண் பிழை. ஆகஸ்டில் நீ எழுதிய கடிதத்திலும் அதே பிழை இருந்தது. என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். சபையிலும் எழுந்து சொல்ல மாட்டேன்.

ஞாயிறு காலை கொஞ்சம் முன்னதாக வா. பிள்ளைகள் வருவதற்கு முன் காதில் சொல்கிறேன்.

மாப்பிள்ளை